கெண்டைக்காலில் ஒரு கொலை

பிந்து செத்துக் கிடந்தாள்.

காலை ஏழு மணி. பால் விடாத கட்டன் சாயா தம்ளரோடு உள்ளே போன மார்கிரெட், அவள் தோளைத் தொட்டு எழுப்பினாள்.

தோள் ஜில்லென்றிருந்தது!

தம்ளர் தரையில் விழுந்து உருண்டது. பிந்துவின் கண்கள் திறந்திருந்தன. வாய் திறந்திருந்தது. உதட்டோரத்தில் ரத்தம் கலந்த நுரை காய்ந்து போய்... வேண்டாம், வெறும் வயிற்றில் படிக்கிறவர்களும் இருப்பீர்கள்.

பிள்ளை பெற்று ஆறே நாள் ஆனவள்.

நேற்று சாயங்காலம்தான் பிந்து மார்கிரெட்டைப் பக்கத்தில் இழுத்து, காதோடு காதாக ஒன்று கேட்டிருந்தாள்.

"மார்கிரெட்டே... எனக்கப் பிள்ளைக்கக் காலைப் பாத்தியா நீ?"

பார்க்கவில்லை. பிறந்த கையோடு துணியில் சுற்றிக் கொண்டுபோய்விட்டார்கள். ஏன் கேட்கிறாய் என்று மார்கிரெட் திருப்பிக் கேட்பதற்குள் கதவு திறந்தது. பிந்து வாயை மூடிக்கொண்டாள். தலையணைக்கு அடியில் அவள் ஒளித்து வைத்திருந்த செல்போனை இன்னும் உள்ளே தள்ளினாள்.

இப்போது தலையணைக்கு அடியில் ஒன்றுமில்லை. மார்கிரெட் கையை விட்டுத் துழாவிப் பார்த்துவிட்டாள்.

அந்த வீடு, மாநில எல்லையோரம் குன்னத்துகாலைத் தாண்டி ரப்பர் மரங்களுக்கு நடுவே இருந்தது. வாசலில் 'உழிச்சில் சென்டர்' என்று போர்டு. எண்ணெய் போட்டு உடம்பைப் பிடித்துவிடுகிற இடமென்று ஊர் நம்பியது. உள்ளே நடந்ததோ வாடகைத்தாய் வியாபாரம்! பிரியப்பட்டு ஒருத்தி இன்னொருத்திக்காகச் சுமக்கலாம், கூலிக்குச் சுமக்கக் கூடாது என்று சட்டம் வந்து வருஷங்கள் ஆகிறது. வந்தால் என்ன? மதில் உயரமாக இருந்தது. கேட்டில் பூட்டு இருந்தது. அது போதுமே!

மார்கிரெட் பொழியூர் கடற்கரைக்காரி. முப்பது வயது. புருஷன் வாலண்டைன் மூன்று வருஷத்துக்கு முன் புயலில் வள்ளத்தோடு போனான். வள்ளம் மட்டும் திரும்பி வந்தது. ஆறு வயது மகன் ரெனில் மாமியாரிடம் இருக்கிறான். அம்மை பெங்களூரில் ஹோம் நர்ஸ் வேலை பார்ப்பதாக அவனுக்குச் சொல்லியிருக்கிறது.

அம்மையின் வயிற்றில் இப்போது எட்டு மாதம். யாரோ ஒரு பணக்காரத் தம்பதியின் பிள்ளை.

அப்படித்தான் சொல்லியிருந்தார்கள்.

கதவை அடைத்துக்கொண்டு கனகதாஸ் வந்து நின்றான். ஆறடி உயரம். களரியில் உழிச்சில் படித்தவன். தேங்காயை உள்ளங்கையால் அடித்து உடைக்கிற கை. கேட்டுச் சாவி எப்போதும் அவன் இடுப்பில்தான் தொங்கும். தப்பிக்கப் பார்த்த ஒருத்தியின் கையை அவன் முறித்த கதை அந்த வீட்டில் பிரசித்தம்.

"மசில் பிடிச்சதாக்கும்," என்றான் தரையைப் பார்த்தபடி. "ராத்திரி பூரா கெண்டையப் பிடிச்சிட்டு அழுது கரஞ்சா. அதில ஹார்ட் நின்னு போச்சு."

பின்னாலேயே பிரேமகுமாரி சிஸ்டர் வந்தாள். ஐம்பது வயது. பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தையில்லாதவர்கள் பிரிவில் நர்ஸாக இருந்தவள். இந்த வீட்டின் மூளை அவள்தான். கனகதாஸ் அதன் கை. சிஸ்டர் பிந்துவின் கண்களை மூடினாள். தன் கண்களைத் துடைத்துக்கொண்டாள். பிள்ளை பெற்றவர்களில் ஒன்றிரண்டு பேருக்கு இப்படி ஆகிவிடும், பயப்படாதே மக்களே என்றாள்.

மார்கிரெட் பிந்துவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இடது கெண்டைக்கால் வலதைப்போல ஒன்றரை மடங்கு வீங்கியிருந்தது. அதன்மேல் தைலம் மினுமினுத்தது. தைலத்துக்கு அடியில்... கட்டைவிரல் கட்டைவிரலாகக் கருநீலத் தடங்கள். யாரோ அழுத்தி, உருட்டி, பிழிந்திருக்கிறார்கள்!

கட்டிலிலிருந்து கதவு வரை சிமெண்டுத் தரையில் எண்ணெய்க் காலடிகள். ஒவ்வொரு காலடியிலும் நான்கே விரல். கனகதாஸின் பாதம் அப்படி. பெருவிரலுக்கு அடுத்த இரண்டு விரல்களும் பிறப்பிலேயே ஒட்டியவை.

காலடிகளை மிதிக்காமல் மார்கிரெட் சுவரோரம் ஒதுங்கினாள்.

சிஸ்டர் வெள்ளிக்கிழமைதோறும் சாப்பாட்டு மேஜையில் வகுப்பு எடுப்பாள். பெண்களுக்கு மட்டும். வயிற்றுப்பிள்ளைக்காரிகளுக்குக் கெண்டை பிடிப்பது சகஜம் என்பாள். பிடித்தால் முட்டியை நீட்டு, கால் விரல்களை முகத்தைப் பார்த்து மேலே இழு, ஒரு நிமிஷத்தில் விட்டுவிடும், பெருவிரலைக் கீழே குத்தினால் இன்னும் இறுக்கும் என்பாள். பிறகு குரலைத் தாழ்த்துவாள். ஒரு கால் மட்டும் வீங்கி, சிவந்து, சுட்டு, வலி விடாமல் நின்றால் அது மசில் பிடிப்பே இல்லை... ரத்தம் கட்டி உறைந்திருக்கிறது... பிள்ளை பெற்ற வாரங்களில்தான் அதிகம் வரும்... தேய்க்கவே கூடாது. தேய்த்தால் கட்டி புறப்பட்டு நேரே நெஞ்சுக்குள் போய் மூச்சை அடைத்துவிடும்!

பிந்துவுக்கு மூன்று நாளாக அதே கால்தான். அதே வீக்கம்தான்.

தெரிந்தே தேய்த்துக் கொன்றிருக்கிறான் பாவி! கத்தியும் வேண்டாம், கயிறும் வேண்டாம். பேறுகாலம் கழிந்தவளைக் குழம்புத் தைலம் போட்டு உழிந்துவிடுவது இந்தப் பக்கத்தில் வீட்டுக்கு வீடு வழக்கம். எவன் சந்தேகப்படப் போகிறான்?

அடுத்தது யார்?

விரல் விட்டு எண்ண வேண்டியதே இல்லை. அந்த வீட்டில் மிச்சம் இருந்தது அவள் ஒருத்திதான்.

*

கனகதாஸ் மண்வெட்டியோடு ரப்பர் தோட்டத்துக்குள் போனான். குழி தோண்டுகிற சத்தம் அடுக்களை வரை கேட்டது.

சிஸ்டர் அடுக்களைக் கதவைச் சாத்தினாள்.

"மக்களே, நான் சொல்லுதத கேளு. அவன்தான் பிந்துவ கொன்னது. உனக்குப் பேறு கழிஞ்சா உன்னையும் விட மாட்டான். எனக்கும் அவனைக் கண்டா பயம்தான். சாவி அவனுக்க இடுப்பில இருக்கு. அது கிட்டினா காரில கூட்டிட்டுப் போய் உனக்க வீட்டில விட்டுருவேன்."

மார்கிரெட்டின் கண்ணுக்குள் ரெனில் மட்டும் நின்றான். அவனைப் பார்க்காமல் சாகக் கூடாது. அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது.

அம்மிமேல் குழவி இருந்தது. எடுத்துக்கொண்டாள்.

பத்து நிமிஷத்தில் கனகதாஸ் கை கழுவ வந்தான். வெளிக்குழாயடியில் குனிந்தான். அவள் கதவு மறைவிலிருந்து வெளியே வந்தாள். காலடிச் சத்தம் கேட்டு அவன் தலையைத் திருப்பினான். குழவி அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

அவன் கண்கள் சிவந்திருந்தன. அவள் காலைப் பார்த்தான்.

"உனக்கும் வலி உண்டா பிள்ளே? காலக் காட்டு... உழிஞ்சு தாறேன்."

வேறு என்ன வேண்டும்?

டமார்!

முதல் அடி காதுக்கு மேலே. அவன் முட்டி மடங்கியது. ஆச்சரியத்தோடு அவளை அண்ணாந்து பார்த்தான். இரண்டாவது அடியில் நெற்றி பிளந்தது. மூன்றாவதுக்குக் குழவி கை வழுக்கி விழுந்துவிட்டது. அவ்வளவு ரத்தம்!

அவள் அழுதுகொண்டே அவன் இடுப்பிலிருந்து சாவியை அறுத்தெடுத்தாள்.

*

கார் கேட்டைத் தாண்டியது. பின் சீட்டில் மார்கிரெட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருந்தாள். இதோ உதியன்குளங்கரை, அங்கிருந்து நேரே கடற்கரைதான், அரை மணிக்கூறில் மகனைப் பார்க்கலாம் என்று சிஸ்டர் இனிக்க இனிக்கப் பேசிக்கொண்டு வந்தாள்.

மார்கிரெட்டுக்குக் கண் கூசியது.

காலை வெயில் நேராக முகத்தில் அடித்தது. கடற்கரைக்காரிக்குத் திசை காட்ட போர்டு வேண்டாம். கடல் மேற்கே. கடலுக்குப் போகிற வண்டியில் காலை வெயில் முதுகில்தானே அடிக்க வேண்டும்?

கார் கிழக்கே போய்க்கொண்டிருந்தது!

வழி தவறிவிட்டதா என்று அவள் கேட்டாள். குறுக்கு வழி என்றாள் சிஸ்டர். குறுக்கு வழி ஒரு பாறை குவாரியில் போய் முடிந்தது. கல் வெட்டி முடித்துக் கைவிட்ட குவாரி. தென்னை உயரத்துக்குப் பள்ளம். பள்ளம் நிறையப் பச்சைத் தண்ணீர். கல் வெட்டியவர்கள் இறங்க ஒரே ஒரு படிவரிசை.

"ஒரு நிமிஷம் மக்களே."

சிஸ்டர் இறங்கினாள். கைப்பையைத் திறந்தாள். எதையோ எடுத்துத் தண்ணீருக்குள் வீசக் கையை ஓங்கினாள்.

ஒரு செல்போன். அதன் முதுகில் பட்டாம்பூச்சி ஸ்டிக்கர். பிந்துவின் மூத்த மகள் ஒட்டியது. மார்கிரெட்டைத் தவிர வேறு யாருக்கும் தெரியாத போன்!

"அது எப்பிடி உங்க கைக்கு வந்தது சிஸ்டர்?"

மார்கிரெட் காரை விட்டு இறங்கியிருந்தாள். சிஸ்டர் திரும்பினாள். முகத்தில் அந்த இனிப்பு இல்லை. ஓங்கிய கை போனோடு கீழே இறங்கியது; மற்றக் கை பைக்குள் போய், ஊசியோடு வெளியே வந்தது.

"வண்டியில கேறு. எல்லைக்கு அந்தப் பக்கம் வேற வீடு உண்டு. மரியாதைக்குப் பெத்துத் தந்திட்டுப் போ."

"பெத்துத் தந்த பிறகு? எனக்கும் கெண்டை பிடிக்குமா?"

சிஸ்டர் பாய்ந்தாள். ஊசி மார்கிரெட்டின் தோளில் கீறிக்கொண்டு போனது. மார்கிரெட் அந்த மணிக்கட்டைக் கவ்விக் கடித்தாள். பல் எலும்பில் முட்டியது. ஊசி பறந்தது. போன் பாறையில் விழுந்து வெளிச்சம் வந்தது. சிஸ்டர் அவள் முடியைப் பிடித்து இழுத்து, முழங்காலை வயிற்றுக்குக் குறிவைத்துத் தூக்கினாள்...

வயிற்றுக்கா?

அவ்வளவுதான். சுறாவை வள்ளத்துக்குள் இழுத்துப் போடுகிற குடும்பத்துப் பெண் அவள்! இரண்டு கையாலும் சிஸ்டரின் இடுப்பைப் பிடித்து, மொத்தப் பாரத்தோடும் தள்ளினாள்.

அலறல். தொப்பென்ற சத்தம். பச்சைத் தண்ணீர் பிளந்து மூடியது.

மார்கிரெட் போனை எடுத்தாள். திரையில் ஒரு படம். பிறந்த குழந்தையின் பாதம். துணியில் சுற்றுவதற்குள் பிந்து எப்படியோ எடுத்திருக்கிறாள். அதில் பெருவிரலுக்கு அடுத்த இரண்டு விரல்களும் ஒட்டியிருந்தன.

*

சிஸ்டருக்கு நீச்சல் தெரிந்திருந்தது. இருமிக்கொண்டே படியை நோக்கி நீந்தி வந்தாள். மார்கிரெட் படிகளில் இறங்கிக் கடைசிப் படியில் நின்றாள். சிஸ்டரின் விரல்கள் படியைப் பற்றின.

மார்கிரெட் குதிகாலால் மிதித்தாள். நறுக்!

"பிந்துவ கொன்னது யாரு?"

கனகதாஸ் என்றாள் சிஸ்டர். இன்னொரு மிதி. மீண்டும் தண்ணீருக்குள் போய் மேலே வந்தாள். மூன்றாவது மிதிக்கு உண்மை வந்தது.

"நான்தான் உழியச் சொன்னேன்! அந்த மண்டனுக்கு என்ன தெரியும்? மசில் பிடிப்பு, நல்லா அழுத்தி உழிஞ்சு விடுன்னேன். அவளுக்கு சுகமாவட்டுன்னு விடிய விடிய உழிஞ்சான்."

மார்கிரெட்டின் காதுக்குள் குழவிச் சத்தம் கேட்டது. வகுப்பு பெண்களுக்கு மட்டும்தான்! கனகதாஸ் ஒருநாளும் அதில் உட்கார்ந்ததில்லை. அவன் குணப்படுத்தப் பார்த்திருக்கிறான். காலக் காட்டு, உழிஞ்சு தாறேன் என்று தன்னிடம் கேட்டதும் அதே மனசோடுதான். ஐயோ, மாதாவே! ஆள் மாறி அடித்துவிட்டாளே!

அந்த நேரம் பார்த்து அவளுடைய வலது கெண்டை சுருட்டிப் பிடித்தது.

உயிர் போகிற வலி. அவள் படியில் உட்கார்ந்தாள். முட்டியை நீட்டி, குதிகாலைப் பாறையில் ஊன்றி, வயிற்றைத் தாண்டி எட்டி விரல்களைப் பிடித்து மேலே இழுத்தாள். ஒன்று... இரண்டு... மூன்று... விட்டது.

நிமிர்ந்தாள். தண்ணீரில் சிஸ்டரின் முகம் கோணியது.

"அம்மே... காலு... எனக்க காலு..."

பாறைக்குளத்துத் தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும். இவளுக்குப் பிடித்தது அவளுக்கும் பிடித்துவிட்டது. வைத்தியம் தெரியாதவளா? வாரம் தவறாமல் சொல்லிக்கொடுத்தவள்! ஆனால் விரலைப் பிடிக்க வேண்டுமென்றால் நீந்துகிற கையை விட வேண்டும். கையை விட்டால் முங்க வேண்டும்.

முங்கினாள். எழுந்தாள். முங்கினாள்.

"எனக்க வயித்தில இருக்கது யாருக்க பிள்ள?" மார்கிரெட் போனைத் தூக்கிக் காட்டினாள். "இந்தக் காலு யாருக்க காலு?"

"உனக்கப் பிள்ளதான்! உனக்க ரத்தம்! அதில வேற ஒருத்திக்க முட்டையும் இல்ல... கையக் குடு!"

மார்கிரெட்டுக்கு வகுப்பில் கேட்டது எல்லாம் நினைவுக்கு வந்தது. கணவனின் விந்தையும் மனைவியின் கருமுட்டையையும் லேபில் சேர்த்துக் கருவாக வளர்ப்பார்கள். சுமக்கிறவளின் கருப்பையை வாரக்கணக்காக மருந்து கொடுத்துத் தயார் செய்து, அந்தக் கருவை உள்ளே வைப்பார்கள். சுமக்கிறவளின் முட்டையைத் தொடக்கூடாது, சட்டமே விடாது. எல்லாம் சரி. ஆனால் அவளுக்கு ஒரு மாத்திரையும் கொடுத்ததில்லை. பின்னறையில் மெல்லிசாய் ஒரு குழாய், ஐந்து நிமிஷம். சயன்ஸ் அவ்வளவு வளர்ந்துவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள்! அது லேபில் வளர்த்த கருவே இல்லை. லேபே இல்லை. ஏமாந்த தம்பதிகள் கொடுத்ததெல்லாம் வாஷ்பேசினோடு போயிருக்கிறது.

"அப்பன்?"

"கனகதாஸ்..." சிஸ்டர் தண்ணீரைத் துப்பினாள். "அவனுக்கு ஒரு தோஷமும் இல்ல. பிள்ள பிறக்காதுன்னு நான் சொன்னது கள்ளம். மருந்து தாறேன்னு மாசாமாசம் அவன்கிட்ட சாம்பிள் வாங்குனேன். இந்தக் காலக் கண்டுதான் பிந்து எனக்கப் பிள்ளையக் குடுன்னு நின்னா... அவனும் கண்டுபிடிச்சிருவான்னுதான் உன்னைய அவனுக்கு மேல ஏவினேன்..."

பின்னால் பாறையில் ஏதோ உலோகம் விழுந்த சத்தம்.

மார்கிரெட் திரும்பினாள்.

கனகதாஸ்!

தலையில் துவர்த்துத் துண்டு சுற்றியிருந்தது. துவர்த்து முழுக்க ரத்தம். அவளை வெட்டுவதற்காக டயர்த் தடம் பார்த்துப் பைக்கில் துரத்தி வந்தவனின் கையிலிருந்து வெட்டுகத்தி நழுவிப் பாறையில் கிடந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறான்? அவன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டான்.

ஆறு வருஷத்துக்கு முன் அவன் பெண்டாட்டி ஒரு பரிசோதனைக் காகிதத்தை அவன் முகத்தில் எறிந்துவிட்டுப் போனாள். அந்தக் காகிதத்தை எழுதிக் கொடுத்தது பிரேமகுமாரி சிஸ்டர். உன்னைச் சரியாக்கித் தருகிறேன் என்று சொல்லிக் கூட வைத்துக்கொண்டதும் அவளே. அந்த நன்றிக்காகத்தான் அவன் கேட்டைப் பூட்டினான். கையை முறித்தான். குழி தோண்டினான்.

அவன் படிகளில் இறங்கி வந்தான். மார்கிரெட் சுவரோடு ஒட்டினாள். அவன் அவளைத் தொடவில்லை. போனில் இருந்த சின்னஞ்சிறு பாதத்தை மட்டும் குனிந்து பார்த்தான். பிறகு தன் பாதத்தைப் பார்த்தான்.

"எனக்கப் பிள்ள எங்க சிஸ்டரே?"

"அமரவிள... பழைய செக்போஸ்ட்டு தாண்டி, பச்சை கேட்டு உள்ள வீடு... சத்தியமாட்டு! என்னையத் தூக்கு தாஸே!"

அவன் தலையாட்டினான். தண்ணீருக்குள் இறங்கினான். இடுப்பு வரை... நெஞ்சு வரை... சிஸ்டர் அவன் கழுத்தைக் கட்டிக்கொள்ளக் கையை நீட்டினாள்.

"காலக் காட்டும் சிஸ்டரே," என்றான் மெதுவாக. "உழிஞ்சு தாறேன்."

வேண்டாம் அண்ணே என்று மார்கிரெட் கத்தினாள். அவள் பிந்துவுக்காக அழுதவள்தான். ஆனாலும் கத்தினாள். அவன் கேட்கவில்லை. தேங்காய் உடைக்கிற கைகள் தண்ணீருக்கு அடியில் சிஸ்டரின் கெண்டைக்காலைத் தேடிப் பிடித்தன. ஒரே இழுப்பு. சிஸ்டரின் வாய் திறந்தபடியே உள்ளே போனது. பச்சைத் தண்ணீர் கொதிப்பதுபோல் குமிழ் விட்டது.

நெடுநேரம் குமிழ் விட்டது.

பிறகு நின்றது.

*

பிந்துவின் போனிலிருந்து போலீசைக் கூப்பிட்டது மார்கிரெட்தான். அடுத்த அழைப்பு பொழியூருக்கு. அம்மை வாறேன் மக்களே என்றாள் ரெனிலிடம். பெங்களூரிலிருந்து என்ன கொண்டுவருவாய் என்று அவன் கேட்டான். அவள் வயிற்றில் கை வைத்தாள். உள்ளே ஓர் உதை. இத்தனை மாதம் ஊரான் பிள்ளை என்று தடவக்கூடப் பயந்த வயிறு! அப்பன் யாராகவும் இருக்கட்டும். இனி இதை எவனும் துணியில் சுற்றிக் கொண்டுபோக முடியாது.

"உனக்கு விளையாட ஒரு கூட்டு," என்றாள்.

பத்து மணிக்கு எஸ்.ஐ. அஜேஷ் வந்தார். பச்சை கேட்டு வீட்டுக்கு ஒரு ஜீப் பறந்தது. பிந்து கிடந்த ரப்பர் தோட்டத்து வீட்டுக்கு இன்னொன்று. பதினொன்றேகாலுக்குத் தீயணைப்புக்காரர்கள் சிஸ்டரை வெளியே எடுத்துப் பாறையில் கிடத்தினார்கள். இடது கெண்டைக்காலில் பத்து விரலும் பதிந்து கருநீலமாகத் தெரிந்தன.

கனகதாஸ் கடைசிப் படியில் தண்ணீர் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தான். ஓடவில்லை. எஸ்.ஐ. அவன் முன்னால் வந்து நின்றார்.

"எலே, இவ எப்பிடி செத்தா?"

கனகதாஸ் விலங்குக்கு இரண்டு கைகளையும் நீட்டினான்.

"மசில் பிடிச்சதாக்கும் சாரே... நானும் உழிஞ்சு பாத்தேன். கேக்கல்ல."